கறுப்பு வெள்ளை இரண்டு ரூபாய்

கலர் பிரிண்ட் எவ்வளவுண்ணா என்றாள் சுகிர்தா.
பத்து. கறுப்பு வெள்ளை என்றால் இரண்டு.
கைப்பையின் அடியில் விரல்கள்
சில்லறையைத் தொட்டுத் தொட்டு எண்ணின.
கறுப்பே போடுங்க.

ஜங்ஷனுக்குள் ஏதோ ஒரு ரயில் நுழைய
மேசை நடுங்கி ஓய்ந்தது.
பிரிண்டர் இருமி இருமித் துப்பிய தாளில்
ஆறு கோடுகள்.
இரண்டாயிரத்தில் தரையோடு தரையாய்ப் படுத்திருந்து
பத்தைத் தாண்டித் தலை தூக்கி
வலது ஓரத்தில் மூச்சிரைக்க நிற்பவை.
நூற்றுக்கு எத்தனை பேர் இணையத்தில் என்று
நாடு நாடாய் எண்ணியிருக்கிறார்கள்.
திரையில் இலங்கை பச்சை, நேபாளம் சிவப்பு,
வங்கதேசம் ஊதா, பூட்டான் மஞ்சள்.
தாளில் எல்லாமே சாம்பல்.

எது எந்த நாடுன்னே தெரியலையேண்ணா.

சிவப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.
ஃபேர்லேண்ட்ஸ் தெருக்களில் இரவு சுற்றும் டில் பகதூர்
மாசம் ஒருமுறை ரீசார்ஜுக்கு வருவான்.
மூன்று மணிக்கு இங்கே விசில் ஊதினால்
அங்கே அவன் வீட்டுத் தொழுவத்தில்
எருமை தலையைத் திருப்புகிறதாம்.
சொல்லிவிட்டு அவனே சிரிப்பான்.
ஊதாவுக்கு என் சட்டைக் காலர்தான் சாட்சி,
தைத்த ஊரின் பெயர் கழுத்தில் உறுத்துகிறது.
மஞ்சளுக்கு ஒருவரும் இல்லை.
இன்னொரு கோடு நடுவில் அறுந்து
புள்ளி புள்ளியாய்ப் போய் மறுபடி சேர்ந்தது.
அந்த வருசங்களுக்குக் கணக்கு இல்லை என்றாள்.
எண்ணவில்லையா, எண்ண விடவில்லையா என்றேன்.
ரெஃபரன்ஸில் பார்க்கணும் என்றாள்.

எனக்கும் ஒரு கோடு உண்டு.
கடைப் பலகையில் மணிக்கு நாற்பது என்று எழுதி
அதன்மேல் முப்பது, அதன்மேல் இருபது,
பெயிண்ட் உரியும் இடங்களில்
எல்லா விலையும் ஒன்றாக எட்டிப் பார்க்கும்.
அவள் கோடுகள் நிமிர்ந்த அந்த வருசத்தில்தான்
ஆறு மானிட்டரையும் ஆட்டோவில் ஏற்றி
செவ்வாய்ப்பேட்டையில் எடைக்குப் போட்டேன்.
கேபின் பலகைகள் இன்னும் இருக்கின்றன.
லேமினேஷன் மிஷின் அவற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

எங்கட எது, பிள்ளை?
முகாம் அட்டையை நகலெடுக்க வந்து நின்ற யோகராசா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.
இதுவாத்தான் இருக்கும் ஐயா என்று
திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து
ஒரு சாம்பலைக் காட்டினாள்.
அவர் விரல் வலப்பக்க உச்சிக்குப் போகவில்லை.
பின்னால் வந்தது,
பதினைந்து, பன்னிரண்டு, பத்து,
ஒன்பதில் நின்றது.
அங்கே கோடு
தரையிலிருந்து ஒரு நெல் உயரம் எழும்பியிருந்தது.

அந்த வருசம் மூன்றாம் கேபின் என்றார்.
தங்கச்சியின்ர மகன் மெயில் போடுவன் எண்டவன்.
ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வந்தனான்.
அதுவும் இதுக்குள்ள இருக்கோ?

சுகிர்தா பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

எனக்கு அந்த ஞாயிறுகள் நினைவிருக்கின்றன.
காலியான இன்பாக்ஸை மறுபடி மறுபடி திறக்கும்
ஒற்றைக் கிளிக் சத்தம்.
பலகையில் அப்போது முப்பது.
ஒன்றும் வராத மணிக்கும் முப்பதுதான் வாங்கினேன்.

வெளியே இருட்டிவிட்டது.
சேர்வராயன் மலையில் வண்டி வெளிச்சங்கள்
ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று
கொண்டை ஊசி வளைவுகளில் ஒருபோதும் தெரியாது.
உச்சியில் டவரின் சிவப்பு விளக்கு.
அதற்கு அந்தக் கவலை இல்லை.

அவள் தன் பேனாவாலேயே
ஒரு கோட்டில் பெருக்கல் குறி, ஒன்றில் வட்டம்,
ஒன்றில் குட்டிக் குட்டி முக்கோணம் என்று
நாடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
முதல் தாளில் மை இழுபட்டு
இரண்டாவது போடச் சொன்னாள்.
நாலு ரூபாயை வைத்துவிட்டு
ஐந்து ரோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மை இழுபட்ட தாளை யோகராசா எடுத்தார்.
நாலாய் மடித்து முகாம் அட்டையோடு செருகினார்.
நகலுக்கு எவ்வளவு தம்பி?

இரண்டு என்றேன்.
பழக்கம்.